இருவருக்கு ஒரு குழல்

இன்னாசிமுத்து தன்னுடைய நாற்பத்தொன்பதாவது வயதில் ஐந்தாவது முறையாக சிகரெட்டை விட்டார். இதற்கு முன் நான்கு முறை விட்டதில் நீண்ட காலம் தாக்குப்பிடித்தது பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் வீட்டில் ஒரு நாற்காலி உடைந்தது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு நின்றது. பன்னிரண்டாம் நாள் அவர் மனைவி செலஸ்டினாவே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிவந்து கையில் கொடுத்தாள்.

அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். 2047-இல் யாரும் கிரேன் மேல் ஏறுவதில்லை. கீழே ஒரு கண்ணாடி அறை, நான்கு திரைகள், இரண்டு கைப்பிடிகள். கப்பலிலிருந்து நாற்பது டன் கண்டெய்னரைத் தூக்கி லாரியில் வைப்பது இப்போது விரல் வேலை. ஆனால் அந்த அறையில் புகைக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே ஓட வேண்டும். நவம்பர் மாத மருத்துவப் பரிசோதனையில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். அவர் ஊதியது போதவில்லை. ஆறு மாதத்தில் நுரையீரல் தேறாவிட்டால் கிரேனை விட்டு வாசல் கேட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படித்தான் அவர் மதுரைக்கு வந்து டாக்டர் நிலோஃபர் முன்னால் உட்கார்ந்தார். பல வருடம் தடையில் இருந்த மின் சிகரெட்டை, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் என்று அரசு அப்போதுதான் அனுமதித்திருந்தது. அதற்கென்று திறந்த மையம் அது. டாக்டர் மேசைமேல் விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு குழலை வைத்தார்.

"இதுல புகையிலை எரியாது. வர்றது புகை இல்ல, ஆவி. நல்லதுன்னு சொல்ல மாட்டேன். சிகரெட்டைவிடக் கெடுதல் கம்மி, அவ்வளவுதான். நிகோடின் இதுலயும் இருக்கு. அதையும் வாராவாரம் குறைச்சு நாலு மாசத்துல நிறுத்திடுவோம்."

"இழுத்துக்கிட்டே நிறுத்தணுமாக்கும்?"

"ஆமா. ஆனா தனியா இல்ல. ஜோடியா."

இன்னாசிமுத்து திரும்பிக் கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"வேற ஊர்ல ஒருத்தர் இருக்காங்க. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரே அளவு. காலையில ஆறு மணிக்குக் குழல் திறக்கும். நீங்க ஒரு இழுப்பு இழுத்தா அவங்களுக்கும் ஒண்ணு குறையும். நீங்க மிச்சம் வெச்சா அது அவங்களுக்கு. அளவு தீர்ந்துச்சுன்னா ரெண்டு குழலும் ஒண்ணா பூட்டிக்கும், மறுநாள் ஆறு மணி வரைக்கும்."

"இது என்ன டாக்டரம்மா, ஒரே எலையில ரெண்டு பேரு சாப்பிடுத மாதிரி!"

"அதேதான்" என்று சிரித்தார் நிலோஃபர். "தனி எலைன்னா எவ்வளவு சாப்பிட்டோம்னு நமக்கு நாமே பொய் சொல்லிக்கலாம். இன்னொருத்தர் பங்குல கை வெக்கிறோம்னு தெரிஞ்சா கை கூசும். அந்த நம்பிக்கையிலதான் இந்தத் திட்டமே ஓடுது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, அரை நிமிஷம், போன்ல குரல் பதிவு அனுப்பிக்கலாம். நம்பர் தர மாட்டோம்."

இன்னாசிமுத்து குழலில் ஊற்ற ஏலக்காய் மணம் உள்ள திரவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். முதல் நாள் அவர் ஊதியதை செலஸ்டினா மோப்பம் பிடித்துப் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு வருசமா வீட்டுல புகை இருந்துது. இப்ப ஆவி வந்துட்டு" என்றாள். "பரவாயில்ல. பாயாச மணம் மணக்குத ஆவி."

முதல் வாரம் அவருக்குக் கொண்டாட்டமாகவே போனது. நெஞ்சுச் சளி குறைந்தது. மாடிப்படியில் பாதியில் நிற்காமல் ஏறினார். ஒரே ஒரு சங்கடம், காலை எழுந்ததும் வரும் ஆசை. ஆறு மணிக்குக் குழல் திறந்ததும் அவர் இழுக்கத் தொடங்கினால் பல் தேய்த்து, காபி குடித்து, வண்டியைக் கிளப்பும்வரை நிறுத்த முடியவில்லை. எட்டாம் நாள் முதல் குரல் பதிவு வந்தது.

"வணக்கமுங்க. என் பேரு கோகிலவாணி. கரூருங்க. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறனுங்க. மணி ஒம்பதரைதான் ஆவுது, அதுக்குள்ள குழல் பூட்டிக்கிச்சு. நீங்க முடிச்சிருப்பீங்கன்னு நெனைக்கறேன். பரவால்லீங்க, நாளைக்குக் கொஞ்சம் பாத்து... ஐயோ, சார்! பிரேக்! பிரேக்குங்க! அது கிளட்ச்!"

அதோடு அரை நிமிடம் முடிந்துவிட்டது. இன்னாசிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கிடுங்க மேடம். எனக்கு விடியக்காலம்தான் ஆட்டம் சாஸ்தி. நாளையில இருந்து பாதியில நிறுத்திக்கிடுதேன்" என்று பதில் அனுப்பினார்.

கோகிலவாணிக்கு முப்பத்தெட்டு வயது. கார்கள் தாமாகவே ஓடத் தொடங்கிவிட்டாலும், உரிமம் வேண்டுமென்றால் ஒரு முறையாவது கையால் ஓட்டிக்காட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனால் அவளிடம் வருகிறவர்களுக்கு ஓட்டவும் தெரியாது, ஓட்டும் விருப்பமும் கிடையாது. அவர்கள் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் சிகரெட் பழகியது என்று ஒரு பதிவில் சொன்னாள். கொஞ்ச நாளில் மேடம் தங்கச்சியானது. சார் அண்ணா ஆனது. அவளுடைய பதிவுகளைக் கேட்க செலஸ்டினாவும் அடுப்படியிலிருந்து வந்துவிடுவாள். இன்றைக்கு வண்டி மோதியது எந்தச் சுவர், எந்த விளக்குக் கம்பம் என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள்.

ஆனால் இன்னாசிமுத்து வாக்கைக் காப்பாற்றவில்லை. இரண்டு நாள் பாதியில் நிறுத்தினார். மூன்றாம் நாள் முக்காலில். நான்காம் வாரம் தினசரி அளவு இன்னும் குறைந்தபோது, தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் முன்னைவிட வேகமாக இழுத்தார். அவள் மரியாதைக்காரி, அதிகம் கேட்கவில்லை. கேட்காததால் அங்கே கஷ்டமில்லை என்று அவர் வைத்துக்கொண்டார்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பதிவு வந்தது. பின்னணியில் வண்டிச் சத்தமே இல்லை.

"அண்ணா, கோவத்துல சொல்லலீங்க. என் தம்பி கதிரேசனுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சுங்க. என்னோடது பொருந்துது. சிகரெட்டை விட்டாத்தான் எடுப்போம்னாங்க. இன்னைக்கு ஏழு மணிக்கே குழல் பூட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில தாங்க முடியாம ஒண்ணு வாங்கிப் பத்த வெச்சுட்டனுங்க. அங்க ஊதச் சொன்னாங்க, மாட்டிக்கிட்டேன். பொங்கல் கழிச்சு வெச்சிருந்த ஆபரேஷனை பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ளிட்டாங்க. தப்பு என்னோடதுதான். உங்களுக்குத் தெரியட்டும்னு..."

அவர் சோற்றுப் பாத்திரத்தை மூடினார். சக ஊழியர் ஒருவர் "என்ன அண்ணாச்சி, மீன் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். இன்னாசிமுத்து வெளியே வந்து டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டரம்மா, இது என்ன வைத்தியம்? நான் பண்ணுன கூத்துக்கு அந்தப் புள்ள எதுக்கு மாட்டணும்? அவ தம்பி எதுக்கு மாட்டணும்?"

"நீங்க கேக்கறது நியாயம்தான்" என்றார் நிலோஃபர். "மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். சில ஜோடியில ஒருத்தரே எல்லாத்தையும் எடுத்துக்கறாங்க. கை கூசும்னு நெனைச்சோம். எல்லாருக்கும் கூசல."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"உங்க ரெண்டு பேரையும் பிரிச்சுடவா? அவங்களுக்கு வேற ஆள் பாக்கறேன். உங்களுக்கும்."

"எனக்கு வேற ஆளா? அவருக்க பங்கயும் நான்தான திம்பேன்?" என்றார் இன்னாசிமுத்து. "பிரிக்க வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் குழலை செலஸ்டினா கையில் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். "எங்கயாவது ஒளிச்சு வையி. நானே கேட்டாலும் குடுக்காத. நான் இழுக்காட்டி முழுசும் அந்தப் புள்ளைக்குப் போவும். அது மறுபடி கடைப்பக்கம் போவாது."

முதல் மூன்று நாள் எப்படிப் போனது என்று அவருக்கே பிற்பாடு சரியாக நினைவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவித்த பனங்கிழங்கை நாராக உரித்து உரித்து மென்றார். அது சீக்கிரம் முடியாது, வாய்க்கும் கைக்கும் வேலை இருக்கும். கட்டுப்பாட்டு அறையே பனங்கிழங்கு வாசம் அடித்தது. நான்காம் நாள் காலை அலமாரி, பீரோ, அரிசி டின், தலையணை உறை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டு நடுவீட்டில் நின்றார்.

"செலஸ்டீ, ஒரே ஒரு இழுப்பு."

அவள் கோபப்படவில்லை. போனை எடுத்து நீட்டினாள்.

"இன்னைக்கு உள்ள அரை நிமிசம் பாக்கி இருக்குல்லா? பேசுங்க. 'தங்கச்சி, உன் தம்பி கெடந்தா கெடக்கட்டும், எனக்கு ஒரு இழுப்பு வேணும்'னு சொல்லுங்க. அவ சரின்னு சொல்லட்டும், நான் எடுத்துத் தாரேன்."

இன்னாசிமுத்து போனை வாங்கினார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேசியது வேறு.

"தங்கச்சி, எனக்கு இப்ப காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போதும்னு ஆயிட்டு. மிச்சம் பூராவும் உனக்குத்தான். பயப்படாம எடுத்துக்க."

அவள் பதில் மறுநாள் வந்தது. "எனக்கும் இங்க தாராளமா இருக்குதுங்ணா. நீங்க அவ்ளோ பெரிய பெட்டியெல்லாம் தூக்கறீங்க. கை நடுங்கீரக் கூடாதுங்க. ஆசை வந்தா அடக்காம எடுத்துக்கங்க."

நல்ல பிள்ளை, மரியாதைக்குச் சொல்கிறது என்று நினைத்தார். இப்படியே இருவரும் தினமும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் அவருடைய எரிச்சல் தணிந்தது. மூன்றாம் வாரம் மீன் குழம்பில் புளி அதிகம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். இத்தனை வருடமாக அதே புளிதான் என்றாள் செலஸ்டினா. நாக்கு திரும்பி வந்துவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது. அவர் மகிழ்ச்சியோடு நான்கு கிலோ எடை கூடினார்.

பிப்ரவரி கடைசியில் ஆறு நாள் எந்தப் பதிவும் இல்லை. ஏழாம் நாள் வேலை நேரத்தில் வந்தது. அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். கதை அதற்குள் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோகிலவாணியின் குரல் மெலிந்திருந்தது, ஆனால் சிரிப்பு இருந்தது.

"அண்ணா, ரெண்டு பேரும் நல்லா இருக்கறமுங்க. என்னோடது அவன்கிட்டப் போயி உடனே வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. தம்பி நல்லா ஒண்ணுக்குப் போறானுங்ணா!"

அறையே எழுந்து கைதட்டியது. ஒருவர் ஒண்ணுக்குப் போனதற்காக அந்தத் துறைமுகத்தில் கைதட்டல் எழுந்தது அதுவே முதல் முறையாக இருக்கும்.

ஏப்ரல் மாதம் மையத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. 'உங்கள் இணைக்கு வழங்கப்பட்ட இரண்டு குழல்களும் கடந்த தொண்ணூற்றேழு நாட்களாக ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. எனவே இருவரும் சிகிச்சையைக் கைவிட்டவர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளீர்கள். வரும் வெள்ளிக்கிழமை நேரில் வந்து குழல்களை ஒப்படைக்கவும்.'

இன்னாசிமுத்து அதை மூன்று முறை படித்தார். 'இரண்டு குழல்களும்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"ஏ செலஸ்டீ, இங்க வா. இதுல தப்பா போட்டிருக்கான் பாரு. ரெண்டும்னு போட்டிருக்கான்."

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் பஸ்ஸை விட்டு இறங்கி மையத்தின் வாசலுக்கு நடந்து வந்தபோது, ஓர் ஆட்டோக்காரரிடம் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்ணாடியப் பாருங்க. என் மூஞ்சியப் பாத்தா எப்புடிங்க?"

அவர் நின்றார். "கோகிலவாணிதான நீ?"

அவள் வயிற்றின் பக்கவாட்டில் ஒரு கையைத் தாங்கலாக வைத்தபடி மெதுவாகத் திரும்பினாள். "ஐயோ, அண்ணா! நீங்க ஒல்லியா இருப்பீங்கன்னு நெனைச்சனுங்க."

"இருந்தேன், போன வருசம். சரி, அத விடு. ஒரு உண்மையச் சொல்லு. நீ ஒண்ணு கூடவா இழுக்கல?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுமே குழலை எங்கம்மா கையில குடுத்துட்டனுங்க. அந்த ஒரு சிகரெட்டோட போதும்னு ஆயிருச்சு. நீங்க?"

"நானும் அன்னைக்கேதான். உனக்குப் போவட்டும்னு."

"நான் உங்களுக்கு ஆவட்டும்னு விட்டனுங்க! கை நடுங்குமேன்னு!"

"அப்ப மூணு மாசமா நாம ரெண்டு பேரும் யாருக்கு விட்டுக்குடுத்துக்கிட்டு இருந்தோம்?"

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குத் தையல் போட்ட இடம் வலித்தது, பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

உள்ளே பாதி அறைகள் காலியாக இருந்தன. கோப்புகளை அட்டைப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். நிலோஃபர் களைத்திருந்தார். இரண்டு குழல்களையும் வாங்கி மேசையில் வைத்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

"காரணம் எழுதணும். ஒண்ணு டிக் பண்ணுங்க போதும்."

கோகிலவாணி சத்தமாகப் படித்தாள். "ஊர் மாற்றம். விருப்பமின்மை. மீண்டும் சிகரெட்டுக்குத் திரும்புதல். இறப்பு." நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டர், இதுல நாங்க எதுலயும் இல்லீங்களே."

"ஏன், சிகரெட்டுக்குத் திரும்பலையா?"

"இல்லீங்க."

"குழலும் இழுக்கலையே?"

"அதும் இல்லீங்க."

நிலோஃபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய், பெட்டியில் அடைத்திருந்த, மூச்சில் புகையை அளக்கும் ஒரு சிறு கருவியைத் தேடி எடுத்துவந்து ஊதச் சொன்னார். கோகிலவாணிக்கு ஒன்று என்று காட்டியது. இன்னாசிமுத்துவுக்கும் ஒன்று. புகையே பிடிக்காத ஆளுக்குக் காட்டுகிற எண். விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து இன்னொரு கருவியில் வைத்தார். அதிலும் நிகோடின் இல்லை.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாசக் கடைசியோட மையத்தை மூடறாங்க" என்றார். "நானூத்திப் பன்னெண்டு ஜோடியில இருநூத்தி அறுபத்து மூணு ஜோடி பாதியிலயே ஓடிட்டாங்கன்னு அறிக்கை போயிருக்கு. குழலை இழுத்தா சிகிச்சையில இருக்காங்க, இழுக்கலைன்னா ஓடிட்டாங்க. கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் சொல்லிக் குடுத்திருந்தோம். சீக்கிரமே விட்டுட்டு நிம்மதியா இருப்பாங்கன்னு யாரும் யோசிக்கல. நானும்தான்."

"போன் போட்டுக் கேக்கலியா?" என்றார் இன்னாசிமுத்து.

"கேக்கல."

"பெறவு என்ன? போடுங்க."

நிலோஃபர் பட்டியலை எடுத்தார். முதல் எண்ணில் இருந்தவர் இருமிக்கொண்டே பேசினார். திரும்ப ஆரம்பித்துவிட்டதாகவும், வெட்கத்தில் சொல்லவில்லை என்றும் சொன்னார். "திங்கக்கிழமை வாங்க, திட்ட மாட்டேன்" என்றார் டாக்டர். அடுத்த எண் எடுக்கவில்லை. மூன்றாவது திண்டுக்கல்லில் லாரி பட்டறை வைத்திருப்பவர். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"எந்தக் குழல் டாக்டர்? ... ஓ, அதுவா! இருங்க, அதை எங்க வெச்சேன்? ஏம்ப்பா, அந்தக் கறுப்பா ஒண்ணு இருந்துச்சே, பாத்தியா? ... கிடைக்கலீங்க. அவசரமா வேணுமா?"

"இப்ப சிகரெட் பிடிக்கிறீங்களா?"

"சிகரெட்டா?" அந்த மனிதர் நிஜமாகவே யோசித்தார். "அட, ஆமா, நான் பிடிச்சுக்கிட்டுல்ல இருந்தேன்!"

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னாசிமுத்து நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு, "அந்தத் தாள்ல பாதிய இங்க தாங்க, எனக்கு நாலு மணிக்குத்தான் பஸ்" என்று கை நீட்டினார். இன்னொரு பாதிக்கு அவளும் கை நீட்டினாள்.

நிலோஃபர் கொடுப்பதற்கு முன் பேனாவைத் திறந்தார். பட்டியலின் தலைப்பில் 'கைவிட்டவர்கள்' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அதன் முதல் எழுத்தை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தார். 'விட்டவர்கள்' என்று ஆனது.